காப்பீட்டு விளம்பரக் கதைகளில் அழுகை மெய்ப்பாடு

நகை முதலாக உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியர், அவை ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன் நான்கு நான்காகக் கூறிச் செல்கின்றார். மெய்ப்பாட்டியலைக் கற்பார் பெரும்பாலும் சங்கப் பாடல்களையும் காப்பியங்களையுமே அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வர். அது முறையே. ஆயினும், செய்யுள் அல்லாத இடத்தும், இலக்கியம் எனப் பெயர் பெறாத இடத்தும் மெய்ப்பாடு தோன்றுகின்றது. தெருக்கூத்தில் தோன்றுகின்றது, திரைப்படத்தில் தோன்றுகின்றது, இக்காலத்தே ஒரு பொருளை விற்பதற்கென எடுக்கப்படும் மூன்று நிமிடப் படத்திலும் தோன்றுகின்றது.

ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தம் விளம்பரத்திற்கென எடுக்கும் குடும்பக் கதைகள் இவ்வகையில் தனியே நோக்கத்தக்கவை. தந்தையும் மகளும், தாயும் மகனும், முதிய கணவனும் மனைவியும் அவற்றில் தலைமக்கள் ஆகின்றனர். காண்போர் கண் கலங்குகின்றனர். இறுதியில் ஒரு நிறுவனத்தின் பெயர் தோன்றிக் கதை முடிகின்றது. விற்பனைக்கென எழுந்த கதை அழுகையைத் தோற்றுவிப்பது எவ்வாறு? அவ்வழுகை விற்கப்படும் பொருளொடு பொருந்துவதா, அன்றிப் பொருந்தாது வெளியே நிற்பதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளம்பரத்தை இலக்கியமென நிறுவுதல் நம் கருத்தன்று. இலக்கியத்திற்கென வகுத்த அளவுகோல் வாழ்க்கையின் வேறோர் இடத்தையும் அளக்க வல்லதா என்று காண்பதே நம் கருத்து.

பொருளின் தனியியல்பு

உப்பு விற்பவன் உப்பின் சுவையைக் காட்டலாம். ஆடை விற்பவன் அதனை உடுத்தவரைக் காட்டலாம். அவ்விரண்டினும் வாங்குபவனே நுகர்பவன். ஆயுள் காப்பீடோ அத்தகையதன்று. குறித்த ஆண்டு முடியத் தவணை செலுத்தி முதிர்வுத் தொகை பெறும் வகையும் அதில் உண்டெனினும், ஆயுள் காப்பீட்டின் உயிர்நிலை இறப்பின்மேல் வரும் தொகையே. அத்தொகையைச் செலுத்தியவன் காண்பதில்லை. அவன் பின்னோரே காண்கின்றனர். ஆகவே இப்பொருள் பயன்படும் காட்சியைக் காட்ட விரும்புவோன், வாங்குபவன் இல்லாத வீட்டையே காட்டுதல் வேண்டும். வேறெந்த விற்பனைப் பொருளுக்கும் இவ்விடர்ப்பாடு இவ்வளவிற்று இல்லை.

காணவியலாத ஒன்றைக் காட்டுதற்குக் கதையே வழி. இன்னும் நிகழாததனை நிகழ்ந்ததாகவும், இல்லாதவனை இருப்பவனாகவும் காட்ட வல்லது அது. எனவே காப்பீட்டு விளம்பரத்தில் குடும்பக் கதை புகுந்தது வெறும் அலங்காரத்தின் பொருட்டன்று; பொருளின் இயல்பே அதனை வேண்டிநின்றது எனலாம்.

இத்தொழிலின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். ஸ்காட்லாந்தில் 1744ஆம் ஆண்டில் சட்டத்தின் வழி நிலைபெற்ற நிதி, திருச்சபைக் குருமார் இறந்தபின் அவர்தம் கைம்பெண்டிரையும் பிள்ளைகளையும் பேணுதற்கென ஏற்பட்டதாகும். இராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்னும் இரு குருமார் அதற்குக் கணக்கு வகுத்தனர். மறுபுறம், இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் தமக்கு எவ்வகை உறவும் இல்லாத பெரியோர் உயிரின்மேல் பணயம் வைப்பார்போலக் காப்பீடு எடுத்தாரும் இருந்தனர். 1774ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்தது. ஒருவன் உயிரின்மேல் காப்பீடு எடுப்பவனுக்கு அவ்வுயிரில் உண்மையான பற்றுரிமை இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் உட்கிடை. உறவு உண்டேல் காப்பீடு, இல்லையேல் சூது என்பதே அது வகுத்த எல்லை. குடும்பம் என்னும் கருத்து இத்தொழிலுக்குப் பிற்காலத்தே ஒட்டப்பட்டதன்று. அதன் அடிக்கல்லாகவே அமைந்தது.

அமெரிக்க நாட்டில் 1840ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டம், கணவன் உயிரின்மேல் மனைவி தன் பயன் கருதிக் காப்பீடு எடுக்கவும், அத்தொகையைக் கணவனின் கடன்காரர் பற்றாமல் காக்கவும் வழிசெய்தது. நம் நாட்டில் 1874ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துரிமைச் சட்டத்து ஆறாம் பிரிவு அதே கருத்தினை உடையது. மனைவி மக்கள் பொருட்டு ஒருவன் எடுக்கும் பத்திரம் அவர்க்குரிய பொறுப்புடைமையாகும்; கடன்காரர்க்கு அதன்மேல் உரிமையில்லை. இந்துக்கள் முதலியோர் எடுத்த பத்திரங்களுக்கும் இப்பிரிவு செல்லுமென 1923ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியபோது, சென்னையில் 1913 டிசம்பர் 31க்குப் பின் எடுத்தவற்றிற்கும், ஏனைய பகுதிகளில் 1923 ஏப்ரல் 1க்குப் பின் எடுத்தவற்றிற்கும் அது பொருந்தும் என வரையறுத்தது. சென்னை இவ்வாறு தனித்துக் குறிக்கப்பெற்றமை தமிழ் மாணாக்கர் அறிந்து வைக்கத்தக்க செய்தி. வறண்ட சட்டச் சொற்களுக்குள்ளும் ஒரு குடும்பக் கதை மறைந்துள்ளது: தலைவன் இறந்த வீட்டின் வாயிலிற் கடன்காரன் நிற்கின்றான், அவனை உள்ளே விடாது சட்டம் தடுக்கின்றது.

மங்கல வழக்கு

கதை வேண்டும் என்பது ஒன்று. அக்கதையை எவ்வாறு சொல்வது என்பது மற்றொன்று. இறப்பைச் சொல்லாமல் இப்பொருளை விற்க இயலாது. இறப்பைச் சொன்னால் கேட்பார் முகம் சுளிப்பர். இவ்விடர்ப்பாட்டுக்கு நம் இலக்கண நூலார் முன்பே பெயரிட்டு வைத்துள்ளனர். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தனர். செத்தார் என்னாது துஞ்சினார் என்பது மங்கலம்.

இந்நோக்கிற் காணின், ஆயுள் காப்பீடு என்னும் பெயரே ஒரு மங்கல வழக்கு என்பது புலனாகும். தீக்காப்பீடு தீயால் வரும் கேட்டிற்கு ஈடு தருவது. அது தான் அஞ்சும் பொருளாற் பெயர் பெற்றது. அம்முறையே கொண்டால் இதற்குச் சாக்காப்பீடு என்று பெயரிட வேண்டும். உலகோர் அவ்வாறு பெயரிடவில்லை. தமிழகத்துக் காப்பீடும், ஈழத்து வழக்கான காப்புறுதியும் ஆயுள் என்னும் மங்கலச் சொல்லையே முன்னே கொண்டு நிற்கின்றன. ஆங்கிலப் பெயரும் வாழ்வைச் சுட்டுவதே. தாய்லாந்து மொழிப் பெயரிலும் சீவிதம் என்னும் வடசொல்லின் திரிபு காணப்படுகின்றது.

1956 செப்டம்பர் 1ஆம் நாள் தோன்றிய இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் நெடுங்காலமாக வழங்கிவரும் இந்தித் தொடர் ஒன்று உண்டு. ‘வாழ்க்கையோடும், வாழ்க்கைக்குப் பின்னும்’ என்பது அதன் பொருள். இறந்தபின் என்று கூறவேண்டிய இடத்தில் வாழ்க்கைக்குப் பின் என்று கூறியது காண்க. நன்னூல் உரையில் எடுத்துக்காட்டாக வைக்கத்தக்க தொடர் இது.

அக்கழகத்தின் சின்னமும் அத்தகையதே. காற்றில் அணையாதபடி ஒரு சுடரை இரு கைகள் காத்து நிற்கின்றன. அமெரிக்கப் புருடென்ஷியல் நிறுவனம் 1896ஆம் ஆண்டு முதல் ஜிப்ரால்டர்ப் பாறையைத் தன் சின்னமாகக் கொண்டது. இரண்டையும் ஒப்புநோக்குதல் பயன் தரும். பாறை நிறுவனத்தின் வலிமையைக் கூறுகின்றது. விளக்கோ வீட்டின் மென்மையைக் கூறுகின்றது. பாறையைக் கண்டவன் ‘இவர்பால் என் பணம் கெடாது’ என்று எண்ணுவான். விளக்கைக் கண்டவன் தன் வீட்டை எண்ணுவான். குடும்பக் கதை முழுவதும் ஒரு சிறு படத்துள் சுருங்கிக் கிடக்கின்றது என்பது மிகையன்று.

நம்மிடையே காப்பு என்னும் சொல்லும் இம்மரபினதே. நூல் முகப்பில் வைக்கும் செய்யுள் காப்பு. குழந்தையின் கையில் அணிவது காப்பு. பிள்ளைத்தமிழின் முதற் பருவம் காப்புப் பருவம். குழந்தையைக் காக்க எனக் கடவுளரை வேண்டும் அப்பருவத்தில் அவர்தம் கொலைத் தொழிலை எடுத்துக் கூறலாகாது எனப் பாட்டியல் நூலார் விலக்குவர். காக்க வேண்டும் இடத்தில் அழிவின் சொல் கேட்கலாகாது என்னும் உளப்பாங்கே இவ்விலக்கிற்கு அடிப்படை. விளம்பரம் எழுதுவோர் பாட்டியல் கற்றவரல்லர். ஆயினும் அதே விலக்கிற்கு உட்பட்டே எழுதுகின்றனர்.

அழுகையின் நிலைக்களன் நான்கு

இனி மெய்ப்பாட்டிற்கு வருவோம். அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பேராசிரியர் உரையைத் தழுவி இவற்றின் பொருளைச் சுருக்கிக் கூறுவோம். பிறர் இகழ எளியனாதல் இளிவு. தாய் தந்தை முதலிய சுற்றத்தாரையும் இன்பந் தருவனவற்றையும் இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டு வேறுபட்டு வருந்துதல் அசைவு. நுகர விரும்பியும் நுகரப் பெறாத நிலை வறுமை. ஈண்டுக் கூறிய இளிவு அழுகையின் காரணமாகும். எண்வகையுள் ஒன்றாய்த் தனியே நிற்கும் இளிவரலொடு அதனை மயக்குதல் கூடாது.

இந்நான்கும் ஒரு வீட்டில் எவ்வாறு தொடர்ந்து வரும் என்பதை நோக்குவோம். பொருளீட்டும் தலைவன் இறக்கின்றான், அஃது இழவு. வருவாய் நிற்கின்றது, அது வறுமை. இருந்த வீட்டை விட்டுச் சிறு வீட்டிற்குச் செல்ல நேர்கின்றது, மகனின் படிப்பு இடையில் நிற்கின்றது, அஃது அசைவு. உறவினர் வாயிலில் உதவி கேட்டு நிற்க நேர்கின்றது, அஃது இளிவு. முதலில் வந்தது ஒரு நாளில் வந்தது. பின்னர் வந்த மூன்றும் ஆண்டுக்கணக்கில் நீள்வன.

காப்பீட்டுத் தொகை இந்நான்கனுள் எதனைத் தீர்க்க வல்லது? இழவை அஃது ஒருபோதும் தீர்க்காது. இறந்தவனை எத்தொகையும் மீட்டுத் தாராது. வறுமையை அது தடுக்கும். அதன் வழியே அசைவையும் இளிவையும் தடுக்கும். ஆகவே இப்பொருளின் உண்மையான களம் பின் மூன்றுமேயன்றி இழவு அன்று. இதுவே நாம் இக்கட்டுரையில் நிறுவ விரும்பும் கருத்து. காப்பீட்டுக் கதை ஒன்று எந்நிலைக்களனில் நின்று அழுகையைத் தோற்றுவிக்கின்றது என்று கேட்டால், அக்கதை தான் விற்கும் பொருளொடு பொருந்துவதா என்பது விளங்கிவிடும். பின் மூன்றனுள் நிற்பது பொருந்திய கதை. இழவில் மட்டும் நிற்பது பொருள் தர இயலாத ஒன்றைத் தருவதாகக் காட்டும் கதை.

இவ்வேறுபாட்டின் பயன் பழையதொரு வழக்கினையும் தெளிவாக்குகின்றது. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆயுள் காப்பீட்டைப் பலர் வெறுத்தனர். மனித உயிருக்கு விலை வைப்பதோ என்றனர். பயன்பெற வேண்டிய மனைவியரே பலர் அதனை எதிர்த்தனர் என்பதை விவியானா செலைசர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அறநெறிகளும் சந்தைகளும்’ என்னும் ஆராய்ச்சி நூலில் விரித்துரைத்துள்ளார். பின்னர், காப்பீடு எடுப்பது நல்ல கணவன், நல்ல தந்தை ஆகியோரின் கடமை என்ற கருத்துப் பரப்பப்பட்ட பின்னரே அது வேரூன்றியது. வெறுத்தவர் கூற்றிலும் உண்மை உண்டு. தொகையை இழவின் விலையாகக் கருதியோர்க்கு அது கணவனை விற்ற காசாகத் தோன்றியதில் வியப்பில்லை. அது வறுமைக்கும் அசைவுக்கும் இளிவுக்கும் ஆகிய மருந்து என்று பிரித்துக் காட்டின் அவ்வெறுப்புக்கு இடமில்லை.

இளிவை மையமாகக் கொண்ட விளம்பரத்திற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் தனியார் நிறுவனங்கள் இத்தொழிலில் மீண்டும் நுழைந்தன. அவற்றுள் ஒன்றாகிய எச்.டி.எப்.சி. ஸ்டாண்டர்ட் லைப் மேற்கொண்ட இந்தித் தொடர் ‘தலை நிமிர்ந்து வாழ்க’ என்னும் பொருளுடையது. இறப்பு என்ற சொல்லோ, இழவின் சாயலோ அதில் இல்லை. பிறர்பால் கையேந்தாத வாழ்வே அதன் பொருள். தலை குனியும் இளிவின் மறுதலையை, பெருமிதத்தின் சாயலோடு, அது சொல்லிற்று. பொருளொடு பொருந்திய தொடர் அது என்பதில் ஐயமில்லை.

மூன்று கதைகள்

இவ்வளவுகோலைக் கொண்டு, உலகெங்கும் பலரால் பார்க்கப்பட்ட மூன்று படங்களை ஆராய்வோம். இரண்டு தாய்லாந்தின் தாய் லைப் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பொருட்டு எடுக்கப்பட்டவை. ஒன்று மெட்லைப் நிறுவனம் ஹாங்காங்கில் வெளியிட்டது.

முதற் படம் ‘அன்பின் மௌனம்’ என்னும் பொருளுடைய பெயரால் 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. தந்தை செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். அவரை முன்னிட்டு மகளைப் பள்ளியில் உடன்பயில்வோர் எள்ளுகின்றனர். அவள் தந்தையை வெறுக்கின்றாள். தன் பிறந்தநாளன்று உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிகின்றாள். மருத்துவமனையில் அத்தந்தை, தன் வீட்டையும் பணத்தையும் குருதியையும் எடுத்துக்கொண்டு மகளைக் காக்குமாறு கைச்சைகையால் மன்றாடுகின்றார். கண்டோர் நெஞ்சு உருகாமல் இரார்.

இப்படத்தில் இளிவும் உண்டு. இழவின் அச்சமும் உண்டு. ஆயினும் இவ்விளிவு வறுமையால் வந்ததன்று. தந்தையின் உடற்குறையை உலகம் இகழ்ந்ததால் வந்தது. எத்தொகையும் அதனைத் துடைக்காது. இழவோ முன்பே கூறியவாறு காப்பீட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆகவே அழுகை உண்மையானது, கதை செவ்விது, ஆனால் இறுதியில் வரும் நிறுவனப் பெயர்க்கும் அவ்வழுகைக்கும் இடையே பாலமில்லை. அன்பு செலுத்துவோரைப் பேணுக என்னும் பொது அறம் ஒன்றே அவ்விரண்டையும் மெல்லிய நூலாற் பிணிக்கின்றது.

இரண்டாவது படம் 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாடப்பெறாத வீரன்’. எளிய இளைஞன் ஒருவன். குழாயிலிருந்து ஒழுகும் நீர் வீணாகாமல் வாடிய செடியொன்றை அதன்கீழ் நகர்த்தி வைக்கின்றான். வண்டி தள்ளும் பெண்ணுக்குக் கைகொடுக்கின்றான். தன் உணவைத் தெருநாயோடு பகிர்கின்றான். முதியவள் வீட்டுக் கதவில் வாழைப்பழம் தொங்கவிட்டுச் செல்கின்றான். படிப்பிற்கென இரந்து நிற்கும் தாய்க்கும் மகளுக்கும் பணம் தருகின்றான். அயலார் அவன் செய்கை கண்டு தலையசைக்கின்றனர். ஒரு நாள் அச்சிறுமி பள்ளியுடையில் வந்து நிற்கின்றாள்.

இங்குத் தோன்றுவது அழுகையன்று, பெருமிதம் என்க. கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன். இப்படம் கொடையை எடுத்துக்கொண்டு, இசைமையை வேண்டுமென்றே விலக்குகின்றது. புகழ் இல்லாக் கொடை என்பதே அதன் பொருள். படத்தின் பெயரும் அதனையே சுட்டும். காண்போர் கண்ணில் வரும் நீர் பெருமிதத்தின் வழி வந்த உவகைக் கண்ணீர். காப்பீட்டைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. பொய்யான வாக்குறுதியும் ஆதலின் இல்லை. தான் செலுத்தியதன் பயனைத் தான் காணாமற் பிறர்க்கு விட்டுச் செல்லும் காப்பீட்டாளனுக்கு இவ்விளைஞன் ஓர் உள்ளுறை எனக் கொள்வாரும் இருக்கலாம். அவ்வாறு கொள்ளுதற்குக் கதை இடம் தருகின்றது, ஆயினும் வற்புறுத்தவில்லை.

மூன்றாவது படம் 2015ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் வெளிவந்தது. சிறுமி ஒருத்தி தன் தந்தையைப் பற்றி எழுதிய தாளை அவரிடமே தருகின்றாள். அவர் நடந்துகொண்டே படிக்கின்றார். உலகிற் சிறந்த தந்தை என்று தொடங்கும் அவ்வெழுத்து, பின் அவர் பொய் சொல்கின்றார் என்று கூறுகின்றது. வேலை உண்டு என்பது பொய். பணம் உண்டு என்பது பொய். களைப்பில்லை, பசியில்லை என்பனவும் பொய். தன் பொருட்டே அவர் பொய் சொல்கின்றார் என்று அது முடிகின்றது. தந்தை அவளைத் தழுவி அழுகின்றார்.

இக்கதையில் இறப்பு இல்லை, இழவு இல்லை. வேலையிழந்து கூலிவேலை தேடி அலையும் தந்தையின் அசைவும் வறுமையும் உள்ளன. அவற்றை மகள் அறியாமற் காக்க முயன்று, அவள் அறிந்துவிட்டமை கண்டு நிற்கும் நிலையே அழுகைக்கு இடமாயிற்று. மகளின் எதிர்காலம் என்பதே படத்தின் கருப்பொருள். அதுவே நிறுவனம் விற்கும் பொருளின் கருப்பொருளும் ஆகும். மூன்றனுள் பொருளொடு முற்றும் பொருந்தி நிற்பது இதுவே என்பது நம் முடிபு. அழுகையின் மிகுதியால் இம்முடிபுக்கு வந்தோமல்லோம். முதற் படம் இதனினும் மிகுதியாக அழச் செய்யலாம். நிலைக்களனின் பொருத்தம் கருதியே இவ்வாறு கூறுகின்றோம்.

கருணை அவலமாகும் இடம்

இக்கதைகள் தொழிற்படும் முறையை இன்னும் நுணுகி நோக்குவோம். நுகர்ந்தவனிடம் நிகழ்ந்த உணர்வு காண்போனைச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்னும் கருத்தினைச் செயிற்றியனார் கூற்றாகப் பழைய உரையிற் காண்கின்றோம். பேராசிரியரோ அழுகையை இரண்டாகப் பிரிப்பர். தன் துன்பத்தால் தான் வருந்துவது ஒன்று, அஃது அவலம். பிறர் துன்பங் கண்டு தான் வருந்துவது மற்றொன்று, அது கருணை எனப்படும்.

நாடகமோ காப்பியமோ காண்பவனிடம் கருணையைத் தோற்றுவித்து அமைகின்றது. கோவலன் கொலையுண்டமை கேட்டு வருந்துபவன் தன் வீட்டிற்கு அதுபோல் நேருமோ என அஞ்சவேண்டுவதில்லை. காப்பீட்டுக் கதைக்கு அவ்வளவு போதாது. திரையில் அழும் சிறுமியைக் கண்டு தோன்றிய கருணை, ஒரு கணத்தில் திரும்பிப் பார்ப்பவனின் சொந்த மகளைச் சென்று தொடுதல் வேண்டும். கருணை அவலமாக மாறும் அவ்விடமே விற்பனை நிகழும் இடம். கதை மாந்தர்க்குப் பெரும்பாலும் பெயரில்லாமையும், வீடு பெருஞ்செல்வமும் கொடிய வறுமையும் இன்றி நடுத்தர நிலையில் அமைதலும் இதன் பொருட்டே. அகத்திணையில் தலைமக்களின் பெயர் சுட்டாமையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பெயர் சுட்டாத இடத்தில் கேட்போன் தன் பெயரைப் பெய்துகொள்ளுதல் எளிது. அகப்பாடல் அதனை அன்பின் பொதுமை விளங்கச் செய்தது; விளம்பரம் அதனை வாங்கும் விருப்பம் விளையச் செய்கின்றது. நோக்கம் வேறு, உத்தி ஒன்று.

கதை கூறாதவை

இவ்வாறு அவலமாக மாறிய உணர்வு நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். வெறும் அறிவுரைக்குச் செவிசாயாத தந்தை ஒருவன் மூன்று நிமிடக் கதையைக் கண்டு தன் பின்னோரை எண்ணிப் பார்ப்பானாயின் அது நன்மையே. ஆனால் கண்ணீரின் ஈரம் உலருமுன் கையொப்பம் இடுபவன், தான் ஒப்பமிடும் தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்று பார்ப்பதில்லை. கதையில் வரும் அன்புக்கு நிபந்தனை இல்லை. பத்திரத்தில் வரும் உறுதிமொழிக்கு நிபந்தனைகள் உண்டு. இவ்விரண்டன் இடைவெளியே குடும்பங்கள் இடறி வீழும் பள்ளமாகும்.

தவணை தவறினால் பத்திரம் காலாவதியாகும் என்பதை எக்கதையும் கூறுவதில்லை. நம் நாட்டில் ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாளும், திங்கள் தவணைக்கு 15 நாளும் சலுகைக் காலம் உண்டு. நோயை மறைத்து விண்ணப்பம் எழுதினால் பின்னர்த் தொகை மறுக்கப்படலாம். ஆயினும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மூன்று ஆண்டு கடந்தபின் எக்காரணம் பற்றியும் பத்திரத்தை எதிர்த்து வினவ நிறுவனத்திற்கு உரிமையில்லை. வாங்கிய பத்திரம் மனத்திற்கு ஒவ்வாதாயின் திருப்பிக் கொடுத்தற்கு 2024ஆம் ஆண்டு விதிகள் 30 நாள் வழங்கியுள்ளன. பெற்றோர், மனைவி அல்லது கணவன், மக்கள் ஆகியோரை நியமனதாரராகக் குறித்தால் அவரே பயனுக்கு உரியராவர் என்பதும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த நலமாகும். கண்ணீரை வரவழைக்கும் ஆற்றல் இச்செய்திகளுள் ஒன்றற்கும் இல்லை. ஆயினும் தலைவன் இல்லாத வீட்டில் விளக்கு எரிவது இவற்றாலேயே.

கதை இவற்றையெல்லாம் கூறல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறின் அது கதையாகாது. கதை தன் நிலைக்களனில் உண்மையாய் நின்றாற் போதும். வறுமையும் அசைவும் இளிவும் வாராமற் காப்பேன் என்று உணர்த்தும் கதையைக் கேட்டவன், ‘எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டு, யார் பெயருக்கு’ என்று தானே வினவத் தொடங்குவான்; ஏனெனில் அவை தொகையால் அளக்கத்தக்கன. இழவைக் காட்டி அழச் செய்யும் கதையைக் கேட்டவன் எதனையும் வினவான். ஏனெனில் இழவுக்கு அளவில்லை. பொருந்திய கதைக்கும் பொருந்தாத கதைக்கும் உள்ள வேறுபாடு கலைவேறுபாடு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் கேடும் ஆக்கமும் அதில் அடங்கியுள்ளன.

முடிவாகக் கூறுவன சில. காப்பீட்டு விளம்பரத்தில் குடும்பக் கதை நுழைந்தது பொருளின் இயல்பால். அது இறப்பை மறைத்து உரைப்பது மங்கல வழக்கால். அது தோற்றுவிக்கும் அழுகை எந்நிலைக்களனைப் பற்றியது என்பதே அதன் தகுதியை அறிதற்குரிய உரைகல். பன்னூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோர் வகுத்த நான்கு சொற்கள், அவர் கனவிலும் காணாத ஒரு வணிகத்தின் உண்மையையும் பொய்ம்மையையும் பிரித்துக் காட்டுதற்குப் பயன்படுகின்றன. தமிழில் வெளிவந்துள்ள காப்பீட்டு விளம்பரங்களையும், முகவர் வீடுதோறும் சென்று கூறிய கதைகளையும் தொகுத்து இவ்வாறே ஆராய்தல் இளைய ஆராய்ச்சியாளர்க்கு உரிய பணி. அப்பணி மெய்ப்பாட்டியலுக்குப் புதிய சான்றுகள் தரும். திரையில் அழுத தந்தையைக் கண்டு கையொப்பமிடப் பேனாவை எடுக்கும் தந்தைக்கும் ஒருகால் துணையாகும்.